எங்கட ஊரில ரயில் நிக்கோணும் எண்டால்: கேக்கிற முறை, கணக்கு, காசு

எங்கட வன்னிப் பக்கத்தில ரயில் இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. தண்டவாளம் இருக்கு, ரயில் கூவிக்கொண்டு போகுது, நாங்கள் கேற்றில சைக்கிளப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பெட்டியளப் பாத்திட்டு பேந்து பஸ்சுக்கு ஓடுறம். கொழும்புக்குப் போறவைக்கு அது நல்ல ரயில். புளியங்குளத்தில இருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போற அம்மாவுக்கும், வவுனியாவில இருந்து மாங்குளத்துக்குப் படிப்பிக்க வாற ரீச்சருக்கும் நேரம் பொருந்தினால்தானே அது ரயில். அந்தக் கிட்டத்து ஓட்டத்துக்கான ரயில எப்பிடித் திட்டம் போட்டு, எங்க காசு பாத்து, ஆரிட்டக் கேட்டு எடுக்கிறது எண்டுதான் இதில எழுதுறன். ஊர்ச் சங்கம் வச்சிருக்கிறவை, ஆர்.டி.எஸ் எண்ட கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் செயலாளர்மார், கம்பஸ் பெடியள், வெளிநாட்டில இருந்துகொண்டு ஊருக்கு ஏதும் செய்யோணும் எண்டு நினைக்கிற ஆக்கள், எல்லாரும் ஒருக்கா வடிவா வாசியுங்கோ.

முதல்ல பழசு கொஞ்சம், ஏனெண்டால் மீற்றிங்கில இதக் கேப்பினம். வடக்குப் பாதை முழுசா ஓடத் தொடங்கினது 1905. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுற யாழ்தேவி ரயில் வந்தது 1956. 1990 யூனோட வவுனியாவுக்கு வடக்கால எல்லாம் நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எங்க போனது எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பங்கருக்குள்ள படுத்தெழும்பின சனத்துக்குத் தலைக்கு மேல இருந்தது என்ன எண்டு தெரியும். நான் படிச்ச பள்ளிக்கூடத்தில மணி எண்டு வேப்ப மரத்தில தொங்கினது ஒரு முழம் நீளத் தண்டவாளத் துண்டு, ஒரு இரும்பு போல்ட்டால அடிச்சால் ரெண்டு வளவு தாண்டிக் கேக்கும், அதில கை வச்சால் அடிச்சு முடிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் அதிரும். ரயிலே காணாத பிள்ளையள் நாங்கள், ஆனால் ஒவ்வொரு பாடமும் ரயில் பாதைச் சத்தத்திலதான் முடிஞ்சது.

சண்டை முடிஞ்ச பிறகு கண்ணிவெடி எடுத்து, இந்தியாவின்ர கடன் காசில அங்கத்தைய இர்கொன் கொம்பனி பாதை போட்டது. 2011ல ஓமந்தை, 2013 செப்ரெம்பரில கிளிநொச்சி, 2014 மார்ச்சில பளை, அந்த வருசம் ஒக்ரோபரில யாழ்ப்பாணம், 2015 தொடக்கத்தில காங்கேசன்துறை. மற்றப் பக்கத்தால 2013 மேயில மடு வீதி, 2015 மார்ச்சில தலைமன்னார். அதாவது இரும்பு திரும்பி வந்திட்டுது, கஷ்டமான பங்கு முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறது ஊருக்குள்ள ஓடுற ஓட்டம்.

என்ன கேக்கிறம் எண்டத முதல் முடிவெடுங்கோ

"எங்களுக்கு ரயில் வேணும்" எண்டு எழுதின கடிதம் எத்தினையோ இருக்கு. அதக் கையில எடுக்கிற ஒபீசருக்கு அதில செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை, பைலில போட்டிடுவார். கேக்கக்கூடியது நாலு விதம். ஒண்டு, இப்ப ஓடுற ரயிலின்ர நேரத்த மாத்துறது. ரெண்டாவது, தாண்டிப் போற ரயில ஒரு ஸ்ரேசனில நிப்பாட்டுறது. மூண்டாவது, கிட்டத்துக்கு ஓட எண்டே ஒரு பவர்செற்றோ (எஞ்சினும் பெட்டியும் ஒண்டாச் சேந்த டீசல் ரயில்) சின்ன ரயில்பஸ்சோ விடுறது. நாலாவது, புதுசாப் பாதை போடுறது. முதல் ரெண்டுக்கும் பெரிசாக் காசு இல்லை, மனமும் கணக்கும் காணும். மூண்டாவதுக்கு வண்டி, ஆக்கள், டீசல் எல்லாம் வேணும். நாலாவதுக்கு நாடு கடன் எடுக்கோணும்.

அந்தப் பெரிய தொகை எவ்வளவு எண்டு விளங்கினால்தான் சின்னதின்ர அருமை தெரியும். ஓமந்தை தொடக்கம் பளை வரைக்கும் கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர், ஒண்டும் இல்லாத இடத்தில அடியில இருந்து போட 185 மில்லியன் டொலர் அளவில முடிஞ்சது. கிலோமீற்றருக்கு ரெண்டு மில்லியன் டொலர். பிறகு மாகோ தொடக்கம் ஓமந்தை வரை 128 கிலோமீற்றர், ஏற்கனவே ரயில் ஓடின பாதையத் திருத்தி எடுக்க ஒப்பந்தம் 91.27 மில்லியன் டொலர், கிலோமீற்றருக்கு ஒரு மில்லியன் கூட இல்லை. இப்ப முல்லைத்தீவு ஆக்கள் நெடுக ஆசைப்படுற பரந்தன் முல்லைத்தீவுப் பாதைய எடுங்கோ, றோட்டால 50 கிலோமீற்றர் அளவு, பழைய விலைக்கே 100 மில்லியன் டொலர். ஆசைய விடச் சொல்லேல்ல, அதத் தனியா ஒரு கோரிக்கையா வச்சுக்கொண்டே இருங்கோ. ஆனால் அது வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்து இந்த வருசமே கிடைக்கக்கூடியத விட்டிடாதேங்கோ. முல்லைத்தீவுக்கு இண்டைக்கு ரயில் எண்டால் மாங்குளம் ஸ்ரேசனில ரயில் வந்து நிக்கிற நேரத்துக்கு ஒட்டுசுட்டான் பக்கம் வெளிக்கிடுற ஒரு பஸ்தான். அதக் கேக்கிறதும் ரயில் கேக்கிறதுதான்.

எண்ணுங்கோ, கையால எண்ணுங்கோ

இதில மினக்கெடுறதுதான் முழு வேலையின்ர பாதி. சனம் எவ்வளவு, எங்க இருந்து எங்க போகுது, எத்தினை மணிக்கு அங்க நிக்கோணும், இப்ப எவ்வளவு குடுக்குது. இந்த நாலும் இல்லாமல் எந்த மீற்றிங்குக்கும் போகாதேங்கோ.

நாங்கள் ஒருக்கா மாங்குளச் சந்தியில விடியக் காலமை அஞ்சரைக்கு ஒரு சி.ஆர் கொப்பியோட நிண்டனாங்கள். பனி, பக்கத்துக் கடையில அடுப்பு அப்பதான் பத்துது. நாலு கோடு, குறுக்க ஒரு கோடு, அஞ்சு. வடக்கால போற பக்கம் ஒரு பக்கம், தெற்கால போற பக்கம் எதிர்ப் பக்கம். ஒரு அக்கா உமலுக்குள்ள கத்தரிக்காயும் பயித்தங்காயும் கட்டிக்கொண்டு நிண்டவ, கொஞ்ச நேரம் எங்களையே பாத்திட்டு "தம்பி என்னத்துக்கு எங்கள எண்ணுறியள்" எண்டு கேட்டா. ரயில் கேக்கப் போறம் அக்கா எண்டு சொன்னன். "அப்ப என்ர மூட்டையையும் சேத்து எண்ணு, பஸ்சில அதுக்கும் ஒரு ரிக்கெற் எடுக்கிறன்" எண்டா. அண்டைக்குத்தான் எங்கட கொப்பியில சாமான் எண்டு ஒரு புதுக் கோடு விழுந்தது. ரயிலில ஒரு மூட்டை மரக்கறிய காலுக்குக் கீழ வச்சுக்கொண்டு போகலாம், பஸ்சில அதுக்கும் காசு, சில நேரம் ஏத்தவும் மாட்டினம், எங்கட சந்தைச் சனத்துக்கு இது பெரிய விசயம், ஆனால் கந்தோரில இருந்து யோசிக்கிற ஆளுக்கு இது தோண்டாது.

எந்த நாள் எண்ணுறது எண்டதிலயும் கவனம். பள்ளிக்கூட லீவில எண்ணினால் குறையும், மடுத் திருவிழா நேரமோ வற்றாப்பளைப் பொங்கல் கிழமையோ எண்ணினால் கூடும், ரெண்டும் பொய்க் கணக்கு. சாதாரண கிழமையில திங்கள், புதன், வெள்ளி மூண்டு நாளும் எண்ணுங்கோ, விடிய அஞ்சரை தொடக்கம் ஒன்பது, பின்னேரம் ஒண்டரை தொடக்கம் ஆறரை. காலபோக நெல்லு வெட்டு நேரம் ஒருக்கா, வெட்டில்லாத நேரம் ஒருக்கா எண்டு ரெண்டு தரம் செய்தால் இன்னும் நல்லம். ஆஸ்பத்திரி கிளினிக் நாளில சனம் வேற மாதிரி, அதத் தனியாக் குறியுங்கோ.

இன்னொண்டு. "ரயில் விட்டால் வருவியளோ" எண்டு கேட்டால் எங்கட சனம் ஓம் எண்டுதான் சொல்லும், மனசு நோகாமல் சொல்லுற ஓம் அது. அந்த எண்ணிக்கைய அப்பிடியே எழுதாதேங்கோ. இப்ப ஒவ்வொரு நாளும் அந்த வழியால போறவர் ஒரு கோடு, வருவன் எண்டு மட்டும் சொல்லுறவர் வேற கோடு. ரெண்டாவது கோட்டில மூண்டில ஒரு பங்க மட்டும் கணக்கில எடுங்கோ. குறைச்சு எழுதின கணக்கு பேந்து கூடினால் உங்களுக்கு மரியாதை, கூட்டி எழுதினது குறைஞ்சால் அடுத்த முறை ஒருத்தரும் நம்பாயினம்.

சந்தியில பிடிபடாத ஆக்கள் இருக்கினம், அவையளத் தேடிப் போகோணும். வலயக் கல்வி அலுவலகத்தில கேட்டால் யாழ்ப்பாணத்தில இருந்தும் வவுனியாவில இருந்தும் வன்னிப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து போற ரீச்சர்மார் எவ்வளவு எண்டு எடுக்கலாம். கச்சேரியில வேலை செய்யிறவை, பாங்க் ஸ்ராப், ஆடைத் தொழிற்சாலைக்குப் போற பிள்ளையள், அறிவியல் நகர் கம்பஸ் மாணவர். 2022ல பெற்றோல் இல்லாமல் நாடே லைனில நிண்ட நேரம் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில வேலைக்குப் போய் வாற ஆக்களுக்கெண்டு யாழ் ராணி எண்டு ஒரு ரயில் விட்டவை, அது பிறகும் நிண்டு பிடிச்சது. சனம் இருக்கு எண்டு காட்டினால் கிட்டத்து ரயில் ஓடும் எண்டதுக்கு எங்கட மண்ணிலயே இருக்கிற சாட்சி அது, கடிதத்தில கட்டாயம் எழுதுங்கோ.

ரைம்ரேபிள் போடாமல் காசுக்கதை கதைக்காதேங்கோ

என்ர முழு நம்பிக்கை இதுதான்: நாங்கள் கேக்க வேண்டியது ரயில இல்லை, நேரத்த. பள்ளிக்கூடம் ஏழரைக்கு, அரச கந்தோர் எட்டரைக்கு. பள்ளிக்கூடம் விடுறது ஒண்டரை, கந்தோர் விடுறது நாலே கால். இந்த நாலு நேரத்தையும் ஒரு தாளில எழுதி அதில இருந்து பின்னுக்கு எண்ணி வாங்கோ. ஸ்ரேசனில இருந்து பள்ளிக்கூடத்துக்கு இருவது நிமிசம் எண்டால் ரயில் ஏழு மணிக்குள்ள வரோணும். எட்டே முக்காலுக்கு வாற ரயில் எவ்வளவு புதுசா இருந்தாலும், எவ்வளவு வேகமா வந்தாலும் அந்த ஊருக்கு அது பிரியோசனம் இல்லை.

காலமைய விட பின்னேரம்தான் கஷ்டம். போன ஆள் வீட்ட வரோணும். பின்னேர ரயில் ஒண்டுதான், அது ஏழு மணிக்கு எண்டால் பெண் பிள்ளையள் வராயினம், ஸ்ரேசனில இருந்து உள் றோட்டால இருட்டுக்குள்ள போகோணும், யானையும் நிக்கும். அதால ஒருவழிய மட்டும் கேக்காதேங்கோ, போற நேரத்தையும் வாற நேரத்தையும் ஒரே கோரிக்கையா வையுங்கோ.

எங்கட பாதை ஒற்றைப் பாதை எண்டதயும் மனசில வச்சிருங்கோ. எதிர எதிர வாற ரெண்டு ரயில் ஒண்டையொண்டு தாண்டோணும் எண்டால் பக்கப்பாதை இருக்கிற ஸ்ரேசனில ஒண்டு ஒதுங்கி நிக்கோணும். நீங்கள் கேக்கிற நேரத்தில எதிர்ப்பக்கத்தால கடுகதி வந்தால் உங்கட சின்ன ரயில்தான் காத்து நிக்கும், இருவது நிமிசம் அப்பிடியே போயிடும். இதக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு பெரிய தாளில மேல இருந்து கீழ வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, அறிவியல் நகர், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை எண்டு எழுதுங்கோ, இடமிருந்து வலமா மணி எழுதுங்கோ, இப்ப ஓடுற ஒவ்வொரு ரயிலையும் ஒரு சரிவுக் கோடாக் கீறுங்கோ. கோடுகள் வெட்டுற இடந்தான் ரயில்கள் சந்திக்கிற இடம். வெறுமையா இருக்கிற இடந்தான் உங்கட ரயிலுக்கு வழி. இந்தத் தாளக் கொண்டுபோய் உங்கட ஸ்ரேசன் மாஸ்ரரிட்டக் காட்டுங்கோ. அவையளுக்கு எங்க இடைஞ்சல், எங்க ஏலும் எண்டு விரல் நுனியில இருக்கு. மரியாதையாக் கேட்டால், நீங்கள் கீறின கோட்டப் பாத்தாலே, ஆள் கதிரைய இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து சொல்லுவார்.

பேந்து ரயில் ராத்திரி எங்க படுக்கும் எண்டு யோசியுங்கோ. விடிய அஞ்சே முக்காலுக்கு வவுனியாவில இருந்து வெளிக்கிடோணும் எண்டால் முதல் நாள் ராவே வண்டி அங்க நிக்கோணும், ட்றைவருக்கும் கார்ட்டுக்கும் தங்க இடம் வேணும், டீசல், கழுவுற தண்ணி, காவல் எல்லாம் வேணும். அனுராதபுரத்தில இருந்து வெறுமையா ஓடி வந்து தொடங்கிறது எண்டால் அந்தச் செலவும் உங்கட ரயிலின்ர தலையிலதான் விழும். வண்டி எது எண்டு கேட்டால் ரெண்டு வழி. பவர்செற் பெரிசு, கன சனம் ஏறும், ஆனால் கிடைக்கிறது கஷ்டம். ரயில்பஸ் எண்டது ரெண்டு பஸ் பொடிய முதுகோட முதுகு வச்சுப் பூட்டி தண்டவாளச் சில்லுப் போட்டது, இலங்கையில சனம் குறைஞ்ச பாதையளில ஓடியிருக்கு. எண்ணிக்கை சின்னன் எண்டால் சின்ன வண்டியக் கேளுங்கோ.

ஸ்ரேசன் வாசலோட பயணம் முடியாது

அறிவியல் நகர் மாணவருக்கு ஸ்ரேசன் கிட்ட. மற்ற ஊரில அப்பிடியில்லை. ஸ்ரேசனில இறங்கி ஓட்டோவுக்கு முந்நூறு ரூபா குடுக்கோணும் எண்டால் ரயிலில மிச்சம் பிடிச்ச காசு அதில போயிடும், அந்த ஆள் நாளைக்கு பஸ்சிலதான் வருவார். அதால சைக்கிள், மோட்டச்சைக்கிள் விட ஒரு கொட்டகை, மழைக்கு ஒதுங்க இடம், ஸ்ரேசன் றோட்டுக்கு லைற், சுத்தமான கக்கூஸ். இதெல்லாம் பிரதேச சபையாலயும் ஊராலயும் செய்யக்கூடிய வேலை. ரயில் நேரத்துக்கு இணைஞ்ச பஸ்சுக்கு சீ.ரீ.பி எண்ட அரசாங்க பஸ் டிப்போவையும் தனியார் பஸ் சங்கத்தையும், வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையையும் சந்தியுங்கோ. பஸ்காரர் எங்கட எதிரியள் இல்லை, அவையளும் எங்கட பெடியள்தான், லீசிங் கட்டுறவை. ஏ9 றோட்டில ரயிலோட போட்டியா ஓடுறத விட ஸ்ரேசனில இருந்து உள்ளுக்கு ஓடினால் என்ன வரும் எண்டு உங்கட கொப்பிக் கணக்கோட போய் கதையுங்கோ, கேப்பினம்.

றோட்டு தண்டவாளத்தக் கடக்கிற கடவையளப் பற்றியும் இதே நேரம் கேளுங்கோ. ஓட்டம் கூடினால் ஆபத்தும் கூடும். எங்கட பக்கத்தில கேற் இல்லாத கடவையளில போன உயிருகள் கொஞ்சமில்லை. பொலிஸ் மூலம் எடுத்த கடவைக் காவலாளிகள் வருசக்கணக்கா நாளுக்கு 250 ரூபா சம்பளத்துக்கு வெயிலுக்க நிண்டவை, போராட்டமும் செய்தவை. புது ரயில் கேக்கிற கடிதத்தில அந்த ஊர்க் கடவையளின்ர லிஸ்ற்றும், கேற் இருக்கோ, ஆள் இருக்கோ எண்டதும் ஒரு தாளில இருக்கோணும். பிள்ளையள் பள்ளிக்கூடம் போற கடவை எது எண்டு தனியாக் குறியுங்கோ. யானை, மாடு கடக்கிற இடமும் அதே தாளில.

காசு

இப்பதான் காசு. காசில ரெண்டு இனம், ஒருக்காச் செலவழிக்கிறது, மாதா மாதம் செலவாகிறது. எங்கட ஆக்கள் எப்பவும் முதலாவதத்தான் நினைக்கினம், கட்டிடம், பெயர்ப்பலகை, திறப்பு விழா. ரயில் நிண்டு போறது ரெண்டாவதாலதான்.

சும்மா கணக்குக்கு ஒண்டு போட்டுப் பாப்பம். ஒரு நாளைக்கு 120 பேர் போய் வருகினம், மாசத்தில 22 வேலை நாள், ஒருவழிக்கு சராசரி 150 ரூபா எண்டு வையுங்கோ. 120ஐ ரெண்டால பெருக்கி, 22ஆல பெருக்கினால் 5,280 பயணம். காசு 7,92,000 ரூபா. சீசன் ரிக்கெற் எடுக்கிறவை கூட எண்டால் இது இன்னும் குறையும். இதுக்கு எதிர அந்த வண்டியின்ர டீசல், ஆக்களின்ர சம்பளம், பராமரிப்பு. அந்தப் பக்கத்துக் கணக்க நீங்கள் கற்பனையில போடாதேங்கோ, திணைக்களத்திட்டயே கேளுங்கோ. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, ஆர்.ரி.ஐ விண்ணப்பம் ஒண்டு நிரப்பி புகையிரதத் திணைக்களத்தின்ர தகவல் அலுவலருக்கு அனுப்புங்கோ, உங்கட ஸ்ரேசன்களில மாதம் மாதம் வித்த ரிக்கெற் எவ்வளவு, சீசன் எவ்வளவு, ஒரு ரயில்பஸ் ஒரு கிலோமீற்றர் ஓட என்ன செலவு எண்டு. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். சொல்லாட்டி மேன்முறையீடு, அதுக்கும் மேல ஆணைக்குழு. சண்டை பிடிக்கிற மாதிரி எழுதாதேங்கோ, கேள்விய நம்பர் போட்டுத் தெளிவாக் கேளுங்கோ.

ரயில் திணைக்களம் நட்டத்திலதான் ஓடுது, எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். அதால லாபம் வரும் எண்டு எழுதி அவையளச் சிரிக்க வைக்க வேண்டாம். நட்டம் எவ்வளவு, அந்த நட்டத்துக்கு என்ன கிடைக்குது எண்டு எழுதுங்கோ. கிளினிக் தவறாத நோயாளி, பிந்தாமல் வாற ரீச்சர், வன்னிப் பள்ளிக்கூடத்த விட்டு இடமாற்றம் கேட்டு ஓடாத ரீச்சர். இந்தக் கடைசி வசனத்துக்கு வலயக் கல்விப் பணிப்பாளரிட்ட ஒரு ஆதரவுக் கடிதம் எடுத்தால் அது ஆயிரம் கையெழுத்துக்குச் சமம்.

வெளிநாட்டில எப்பிடிச் செய்யினம் எண்டும் பாருங்கோ. இங்கிலாந்தில மூடின பாதையளத் திறக்க அரசாங்கம் 2020ல ஒரு திட்டம் கொண்டு வந்தது, 500 மில்லியன் பவுண்ஸ். அதில ஊர்க்குழு ஒண்டு தங்கட எம்.பியோட சேந்து விண்ணப்பிச்சால் ஆய்வறிக்கை எழுதுற செலவில முக்கால் பங்கு, ஆகக்கூட 50,000 பவுண்ஸ் வரைக்கும் குடுத்தவை. பெரிய காசு வாறதுக்கு முதல் ஆராய்ஞ்சு பாக்கிறதுக்குச் சின்னக் காசு, அது நல்ல முறை. அந்தத் திட்டத்தில முதல் திறந்தது எக்சிற்றரில இருந்து ஓக்ஹாம்ப்ரன் போற பாதை, 1972ல நிண்ட நாளாந்த ஓட்டம் 2021 நவம்பரில திரும்பி வந்தது, ஏற்கனவே இருந்த பாதையத் திருத்தினவை, ஒதுக்கினதில 10 மில்லியன் பவுண்ஸ் மிச்சம். முதல் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டு விட்டு, சனம் வந்த பிறகு மணிக்கு ஒண்டாக் கூட்டினவை. பிறகு 2024ல அரசாங்கம் மாறி அந்தத் திட்டத்தையே நிப்பாட்டிப் போட்டுது, அதால வழி திறந்திருக்கேக்க உள்ள போயிடோணும். ஸ்கொட்லாந்தில எடின்பரோவில இருந்து தெற்கால போன பாதை 1969ல மூடி 2015லதான் திறந்தது, அந்த ஊர்ச்சனம் 1999ல குழு அமைச்சு விடாமல் கேட்டது. எங்களுக்குப் பக்கத்தில, தமிழ்நாட்டில இருக்கிற மதுரை போடி பாதையும் அகலப்படுத்த எண்டு 2010 கடைசியில நிப்பாட்டினது, தேனி வரைக்கும் 2022ல வந்தது, போடிக்கு 2023. பன்னிரண்டு வருசம் அந்தச் சனமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இஞ்ச எங்க எங்க காசு இருக்கு எண்டால்: வண்டி, ஓட்டம் ரெண்டும் திறைசேரிக் காசு, போக்குவரத்து அமைச்சால. பாதை, சமிக்ஞை மாதிரிப் பெரிய வேலை வெளிநாட்டுக் கடன், உதவி. ஸ்ரேசன் றோட்டு, லைற் எல்லாம் பிரதேச சபை, எம்.பிமார் ஊர் வேலைக்கு ஒதுக்கிற பன்முகப்படுத்தப்பட்ட நிதி. இதுக்குள்ள புலம்பெயர்ந்த உறவுகளின்ர காசு எதுக்கு எண்டு வடிவா யோசிக்கோணும். ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் பாரிசிலயும் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் கேட்டால் மனசாரத் தருவினம், ஆனால் ஓடுற செலவுக்கு அந்தக் காச எடுக்காதேங்கோ, ரெண்டு வருசத்தில களைச்சுப் போவினம், ரயிலும் நிக்கும், மனமும் முறியும். அவையின்ர காசுக்கு ஏத்தது ஆய்வு, எண்ணிக்கை எடுக்கிற பிள்ளையளுக்குச் சாப்பாடு போக்குவரத்து, சைக்கிள் கொட்டகை, வாங்கு, தண்ணித் தாங்கி. அதுவும் ரயில் காணிக்குள்ள ஒரு கல்லு வைக்கிறதெண்டாலும் முதல் திணைக்களத்தின்ர எழுத்து அனுமதி வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊரில அனுமதி பேந்து எடுக்கலாம் எண்டு கொட்டகை போட்டு, ரெண்டு மாசத்தில கழட்டச் சொல்லி, அந்தத் தகரம் இப்பவும் ஒரு வீட்டுக் கோடிக்குள்ள அடுக்கிக் கிடக்கு. தகரத்துக்குக் காசு அனுப்பின அண்ணை ராவேலை செய்து உழைச்சவர். கணக்கு சங்கத்தின்ர பெயரில பாங்கில, மூண்டு பேர் கையெழுத்து, மாசா மாசம் வரவு செலவு எல்லாருக்கும் போகோணும்.

கடிதமும் அலைச்சலும்

கடிதம் ஒரு பக்கம். முதல் வரியிலயே என்ன வேணும் எண்டு நேரத்தோட: "திங்கள் தொடக்கம் வெள்ளி வரை, வவுனியாவில் காலை 5.45க்குப் புறப்பட்டு கிளிநொச்சிக்கு 7.10க்குள் வரும் ஒரு உள்ளூர் ரயில், மாலை 4.45க்குத் திரும்பும் ரயில்" எண்டு இந்த மாதிரி. ரெண்டாவது பந்தியில எண்ணிக்கை. மூண்டாவதில நீங்கள் என்ன செய்யத் தயார் எண்டது. பின்னால இணைப்பா கோடு கீறின தாள், எண்ணிக்கை அட்டவணை, கடவை லிஸ்ற், ஆதரவுக் கடிதங்கள். தமிழில எழுதி சிங்களத்திலயும் ஒரு பிரதி சேத்து அனுப்புங்கோ, மொழிபெயர்க்க எண்டு ஒரு மேசையில ரெண்டு மாசம் கிடக்காமல் இருக்க அது காணும். ரயில் பொது முகாமையாளருக்கு, போக்குவரத்து அமைச்சின்ர செயலாளருக்கு, மாவட்டச் செயலருக்கு, டி.எஸ் ஒபீசுக்கு (பிரதேச செயலகம்), எல்லாக் கட்சி எம்.பிமாருக்கும் பிரதி. எல்லாக் கட்சிக்கும் எண்டத மறக்காதேங்கோ, ஒரு கட்சியின்ர ரயில் எண்டு பெயர் வந்தால் மற்றவர் வரேக்க அது நிண்டிடும்.

பதிவுத் தபாலில போடுங்கோ, கையால குடுத்தால் பிரதியில சீல் அடிச்சு வாங்குங்கோ. எங்கட முதல் கடிதம் ஒரு அலுவலகத்தில கையால குடுத்து, சீல் வாங்காமல், மூண்டு மாசம் கழிச்சுப் போய்க் கேக்க அப்பிடி ஒண்டு வரேல்லை எண்டிட்டினம். திருப்பி எல்லாம் முதல்ல இருந்து. அதுக்குப் பிறகு ஒரு கொப்பி வச்சிருக்கிறம், திகதி, ஆரோட கதைச்சது, என்ன சொன்னவை, அடுத்தது எப்ப.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில நிகழ்ச்சி நிரலில ஏறோணும், அதுக்கு முதல் பிரதேச மட்டக் கூட்டத்தில தீர்மானமா வந்திருந்தால் லேசு. பாதை ரெண்டு மூண்டு மாவட்டத்தால போறபடியால வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூண்டு இடத்திலயும் ஒரே வசனத்தோட தீர்மானம் எடுக்கப் பாருங்கோ. பட்ஜெட் நவம்பரில வாசிக்கிறது, அமைச்சுகள் தங்கட தேவைய அதுக்குக் கன மாசம் முந்தியே அனுப்பிடும், ஒக்ரோபரில கடிதம் குடுத்து பிரியோசனமில்லை. எண்ணிக்கைய பெப்ரவரி, மார்ச்சில முடிச்சு, மே மாசத்துக்குள்ள கடிதம் போனால் சரி.

நிரந்தரமா எண்டு கேக்காதேங்கோ, மூண்டு மாசப் பரீட்சார்த்த ஓட்டம் எண்டு கேளுங்கோ. ஓம் எண்டு சொல்ல ஒரு அதிகாரிக்கு அது லேசு, பிழைச்சால் நிப்பாட்டலாம் எண்டு அவருக்குத் தைரியம். அந்த மூண்டு மாசமும் ஊர் தூங்கக் கூடாது. முதல் கிழமை பாக்க எண்டு ஏறுற சனம் ரெண்டாவது கிழமை குறையும், அது எங்கயும் அப்பிடித்தான், பயப்பிடாதேங்கோ. பள்ளிக்கூடங்கள், கந்தோர்கள், கிளினிக் கவுண்டர் எல்லா இடமும் நேர அட்டை ஒட்டுங்கோ, முறிகண்டிப் பிள்ளையாரடியில கச்சான் விக்கிற கடையளிலயும் ஒட்டுங்கோ, எல்லா வாகனமும் நிக்கிற இடம். முக்கியமா ஒவ்வொருத்தரும் ரிக்கெற் எடுக்கோணும். சின்ன ஸ்ரேசன்தானே, தெரிஞ்ச ஆக்கள்தானே எண்டு சும்மா ஏறி இறங்கினால் நீங்கள் அந்த ரயிலில போகவே இல்லை எண்டுதான் கணக்கில வரும். ஒவ்வொரு நாளும் போறவை சீசன் எடுங்கோ, உங்கட ஸ்ரேசனிலயே எடுங்கோ, வேற ஸ்ரேசனில எடுத்தால் கணக்கு அங்க போயிடும்.

அந்த சி.ஆர் கொப்பிய எறியாதேங்கோ. முதல் நாள் விடிய ரயில் வரேக்க மாலை போட ஆக்கள் வருவினம், போட்டோ எடுப்பினம். உங்கட ஆள் ஒருத்தர் பிளாட்போமில ஒரு பக்கமா நிண்டு, ஆர் ஏறினது ஆர் இறங்கினது எண்டு நாலு கோடும் குறுக்க ஒரு கோடுமா எழுதிக்கொண்டு நிக்கோணும். மூட்டையளையும் சேத்து.